அணைக்கரையில் நின்ற லொறி

படுக்கையும் அடுப்பும் வைத்த சுற்றுலா வான் ஒன்று காலையிலிருந்து மன்னார்ப் பாலத்தடியில் நிற்கிறது. அதன் சில்லுகள் கடலுக்கு மிகக் கிட்ட இருப்பதால் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மூன்று தரம் போய்ப் பார்த்துவிட்டேன்.

வெள்ளைக்காரர் ஆட்சியின் கடைசி வருடங்களில் நாங்களும் அப்படிப் போனோம். திகதி எங்கும் குறித்துவைக்கப்படவில்லை. எனக்கு ஏழு வயது. அப்பாவின் கருவாட்டு லொறியிலேயே சமைத்து, படுத்து, மலைநாட்டுக்குப் பயணம். அங்கே மின்சாரத்துக்காகக் கட்டிய அணையில் வேலை செய்த தன் தம்பியை ஊருக்குக் கூட்டிவர அம்மா தவித்தாள். வழியில் ஒவ்வொரு குளத்தையும் கண்டதும் "இதுதானோ?" என்றாள்.

அணைக்கு வந்ததும் அப்பா கடற்கரைப் பழக்கத்தில் லொறியைத் தண்ணீரோரம் விட்டார்.

"இனி வத்துற நேரம், தண்ணி இறங்கும்."

பின்னேரம் பார்த்தால் சில்லுகள் பாதி தண்ணீருக்குள். மாமா சிரித்துக்கொண்டு வந்தார்.

"இது கடலில்லை, அத்தான். நான் அணைக் கதவை அடைச்சால் ஏறும், திறந்தால்தான் இறங்கும்."

போய்த் திறந்தார். சில்லுகள் மெல்ல வெளியே தெரிந்தன. பார்த்துக்கொண்டிருந்த அம்மா ஊருக்கு வரச்சொல்லிக் கேட்கவே இல்லை.

"சாப்பிட்டனியோ, தம்பி?" என்று மட்டும் கேட்டாள்.

கடல் ஏறத் தொடங்கிவிட்டது. நாலாந்தரம் போகிறேன், இந்தத் தரம் வானின் கதவைத் தட்டத்தான்.