டிரான்ஸ்ஃபரின் கடைசி நாளில் சொல்லிக்கொள்ளப் போனவன்

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு என் மகன் பைக் சாவியைத் தேடினான். எல்லாம் கெட ஆரம்பித்தது அப்போதுதான்.

அன்று எனக்குப் பள்ளியில் அரை நாள். அவனுடைய கைபேசிக்கு அந்தச் செய்தி வந்தபோது பக்கத்தில்தான் இருந்தேன். கோவாவில் ஒரு பெரிய கால்பந்து கிளப் அவனைக் கேட்டிருந்தது. பெங்களூரில் அவன் ஆடிக்கொண்டிருந்த கிளப்பும் விட்டுத்தரச் சம்மதித்துவிட்டது. இரு தரப்பும் இணையத்தில் பதிவு செய்தாயிற்று. பாக்கி, ஆட்டக்காரனின் சம்மதம் மட்டும். வந்த இணைப்பைத் திறந்து ஒரு பட்டனை அமுக்க வேண்டும், அவ்வளவுதான். ஐந்து மணிக்கு டிரான்ஸ்ஃபர் விண்டோ மூடுகிறது. வருடத்தில் இரண்டு முறை, சில வாரங்களுக்குத்தான் இவர்கள் கிளப் மாறலாம். இதை விட்டால் அடுத்தது ஜனவரியில்.

"அமுக்குடா," என்றேன்.

"கோச் சார்கிட்ட சொல்லாமலா?"

"போன்ல சொல்லு."

"ஆறு வருஷம் மா. போன்ல சொல்ற ஆளா அவரு? நேர்ல போய்ச் சொல்லிட்டு, அவர் முன்னாடியே அமுக்கிடறேன். டைம் இருக்கு."

பதினேழு வயதில் இவனுக்கு உயரம் போதாது என்று ஊரில் உள்ள கிளப்புகளெல்லாம் திருப்பி அனுப்பின. அந்தக் கோச் மட்டும்தான், "உயரத்தை வெச்சு நான் என்ன பல்பா மாட்டப் போறேன்?" என்று சொல்லி இவனைச் சேர்த்துக்கொண்டார். வலது பக்கத் தடுப்பாட்டக்காரனாக அவனை ஆக்கியவர் அவர்தான். எங்கள் வீட்டில் கடைக்குப் போகிறவர்கள்கூடச் சொல்லாமல் படி இறங்குவதில்லை. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை, ஆறு வருடத்தை ஒரு பட்டனில் முடிக்க மாட்டேன் என்றான். நான் என்ன சொன்னாலும் கேட்கிற நிலையில் அவன் இல்லை.

கிளப்பின் மைதானம் அத்திபெலே பக்கம். எங்கள் வீடு இருக்கும் ஆஸ்டின் டவுனிலிருந்து ஓசூர் ரோட்டைப் பிடித்துப் போக வேண்டும். வழியில் மழை. நான் கூப்பிட்டபோது ஒரே ஒருமுறை எடுத்தான்.

"ஹெப்பகோடி தாண்டிட்டேன் மா."

"வண்டிய ஓரம் கட்டிட்டு அங்கேயே அமுக்கு."

"கிட்ட வந்துட்டேன். சும்மா டென்ஷன் ஆகாத."

அதற்குப் பிறகு அவன் எடுக்கவில்லை. நடந்ததை அவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தக் கோச்சுக்கு இரண்டு கட்டளைகள் உண்டு. மைதானத்துக்குள் வருகிறவன் கைபேசியை வாசலில் தொங்கும் நீலப் பையில் போட்டுவிட வேண்டும். பயிற்சி நடக்கும்போது யாரும் குறுக்கே போய்ப் பேசக் கூடாது. மகன் போனபோது பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஆறு வருடப் பழக்கம், கை தானாகவே கைபேசியைப் பையில் போட்டிருக்கிறது. கோச் தூரத்திலிருந்து பார்த்துக் கையை உயர்த்தினார். இரு என்று அர்த்தம். அவன் கோட்டுக்கு வெளியே கைகட்டி நின்றான். வழக்கமாக நாலரைக்கு முடிந்துவிடும். அன்று மழையால் தாமதமாகத் தொடங்கியது அவனுக்குத் தெரியாது.

நான் இங்கே கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். அலுவலகத்திலிருந்து என் கணவர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

"அமுக்கிட்டானா?"

"எடுக்க மாட்டேங்கறான்."

"அப்ப அமுக்கிட்டிருப்பான். இல்லன்னா எடுப்பான்."

இந்தத் தர்க்கத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஐந்து மணியைத் தாண்டினோம்.

பயிற்சி ஐந்தைத் தாண்டி முடிந்ததும், இவன் பட்டனை அமுக்கிவிட்டுத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்து, கோச் சிரித்துக்கொண்டே வந்தாராம். "ஏன்டா, கோவாக்காரா! மீன் குழம்பு சாப்பிடப் போகாம இங்க என்ன பண்றே?" மகன் குனிந்து அவர் காலைத் தொட்டான். பிறகு பையிலிருந்து கைபேசியை எடுத்தான். பதிவுக் காலம் முடிந்துவிட்டது என்று அதில் இருந்தது. கோச் அதைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, அந்த ஈரப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சரி, பழைய கிளப்பிலேயே இருந்துவிட்டுப் போகிறான் என்றுதான் அன்று மாலை என்னைத் தேற்றிக்கொண்டேன். அதுவும் இல்லை. இவன் போய்விடுவான் என்ற நம்பிக்கையில் அன்று மதியமே வேறொருவனை எடுத்து, ஆட்டக்காரர் பட்டியலை நிரப்பி அனுப்பியிருந்தார்கள். பட்டியலில் இல்லாதவன் ஒரு ஆட்டத்திலும் இறங்க முடியாது. ஆனால் ஒப்பந்தம் அடுத்த மே வரை உயிரோடு இருக்கிறது. அது இருக்கும்வரை, ஜனவரியில் யாராவது கேட்டு இவர்களும் விட்டுத்தந்தாலொழிய, வேறெங்கும் ஆட முடியாது. இரண்டு கிளப்புகளும் கால்பந்து சம்மேளனத்துக்கு எழுதிப் பார்த்தன. மூன்றாவது சம்மதம் நேரத்துக்குள் வரவில்லை என்று பதில் வந்தது.

நான் இருபது வருடமாகப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஜூன் மாதம் வந்தால் டி.சி. கேட்டுப் பெற்றோர்கள் வரிசையில் நிற்பார்கள். வருடத்தின் நடுவில் பிள்ளைகளை இழுத்து மாற்றக் கூடாது என்பதற்காக நாங்களும் கெடு வைத்திருக்கிறோம். அதனால் கால்பந்தில் விண்டோ வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் பெரிய கிளப்புகள் கடைசி ஆட்டத்துக்கு முந்தைய நாள்கூட எதிரணியின் நல்ல ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடும். ஆனால் வகுப்பில் பெயரை அடித்துவிட்டு, டி.சி.யையும் தராமல், பிள்ளையை வராந்தாவில் நிற்க வைக்கிற பள்ளியை நான் பார்த்ததில்லை. ஒருவனைப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டால் அந்த நிமிடமே அவன் ஒப்பந்தம் தளர வேண்டும். அவனுக்கு மட்டும் கதவு திறந்திருக்க வேண்டும். அவன் போவதால் யாருடைய கோப்பையும் பறிபோகாது. அவனைத்தான் ஏற்கெனவே வேண்டாம் என்று வைத்துவிட்டார்களே.

ஒப்பந்தத்தில் இன்னொன்றும் இருக்கிறது. கிளப் விரும்பினால் மேலும் ஒரு வருடம் நீட்டிக்கலாம். ஆட்டக்காரன் விரும்பினால் என்ன செய்யலாம் என்பதற்கு ஒரு வரி கிடையாது. கையெழுத்துப் போட்ட அன்று இதைப் படித்துவிட்டு, "ஒரு வருஷம் கூடவே வெச்சிக்கறாங்களாம்," என்று சந்தோஷப்பட்ட குடும்பம் நாங்கள்.

ஆஸ்டின் டவுன் மைதானத்தில் மாலை வேளைகளில் அவன் தனியாக ஓடினான். கூட ஆடி வளர்ந்தவர்கள் சுவரில் உட்கார்ந்திருப்பார்கள்.

"என்ன மச்சா, பெஞ்ச்லகூட எடம் இல்லியா?"

"பெஞ்ச்சுக்கும் பட்டியல்ல பேர் வேணும்டா."

"அப்ப பந்து பொறுக்கிப் போடு, டிவில வருவ."

முதலில் அவனும் சிரித்தான். பிறகு அவர்கள் வராத நேரம் பார்த்துப் போனான். பிறகு போவதையே நிறுத்திவிட்டான். ஐந்து மாதம் ஆடாத தடுப்பாட்டக்காரனை ஜனவரியில் யார் கேட்பார்கள் என்று அவன் என்னிடம் கேட்கவில்லை. கோவாக்காரர்கள் ஒரு வாரம் பேசினார்கள். பிறகு தங்களிடம் இருந்த ஒரு பையனையே வலது பக்கத்தில் ஆட வைத்தார்கள். நன்றாகத்தான் ஆடுகிறான். திரையில் அவனைப் பார்த்ததும் என் கணவர் டிவியை அணைத்துவிடுவார்.

மிச்சம் இருந்தது கோச்சின் ஒரு வார்த்தைதான். "யாராவது ரொம்ப நாளைக்குக் காயம்பட்டு உக்காந்தா, அந்த எடத்துல ஒருத்தனச் சேர்க்க விதி இருக்கு. நான் ஆபீஸ்ல பேசறேன். கெடச்சா போன் பண்ண மாட்டேன், நானே வீட்டுக்கு வர்றேன்," என்று சொல்லியிருந்தார். அன்றிலிருந்து ஆட்டம் நடக்கிற ஒவ்வொரு மாலையும் நான் டிவி முன் உட்கார்ந்தேன். எதற்கு என்று எனக்குத் தெரியும். யாரோ ஒரு தாயின் பிள்ளை விழுந்து முழங்காலைப் பிடித்துக்கொள்வதற்காகக் காத்திருந்தேன். ஒரு நாள் எங்கள் கிளப் பையன் ஒருவன் அப்படி விழுந்தான். நான் என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். அவன் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து ஓடினான். அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசையின்போது நற்கருணை வாங்க என்னால் வரிசையில் போய் நிற்க முடியவில்லை.

பூசை முடிந்து வீட்டுக்கு வந்து காப்பி போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் பைக் சத்தம் கேட்டது. கோச்தான். மகன் அறையிலிருந்து ஓடி வந்தான். பல வாரங்களுக்குப் பிறகு அவன் ஓடியதை அன்றுதான் பார்த்தேன்.

"பட்டியல்ல எடம் கெடச்சிடுச்சா, சார்?"

அவர் உட்காரவில்லை. ஹெல்மெட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"காலைல மெயில் வந்துச்சு டீச்சரம்மா. இன்னைலேர்ந்து நான் அங்க இல்ல. கோச்சுக்கு விண்டோ கிண்டோ ஒண்ணும் கெடையாது. எந்த நாள் வேணாலும் அனுப்புவாங்க, எந்த நாள் வேணாலும் வேற எடத்துல சேரலாம். ஷில்லாங்ல ஒரு டீம் கூப்ட்டிருக்கு, நாளைக்குக் கெளம்பறேன்." பிறகு மகன் தோளில் கையை வைத்தார். "உன்னக் கூட்டிட்டுப் போகத்தான் வழியில்லடா. சொல்லாமப் போகக் கூடாதுன்னு வந்தேன்."