வசந்தாவைப் பார்த்து வாங்கிய புத்தகம்

நானும் வசந்தாவும் சிதம்பரத்தில் ஒரே பள்ளியில் ஆசிரியைகள். சதுப்புநிலக் காடுகள் பற்றி வெளிநாட்டில் அச்சான புத்தகம் ஒன்றை அவள் வரவழைத்திருந்தாள். தலைமையாசிரியர் அதைப் புரட்டிப் பாராட்டியதும் எனக்கு வயிறெரிந்தது. பஸ்ஸில் அவள் மடியில் அது இருப்பதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அவளுக்குத் தெரியாமல், அதே பதிப்பகத்தின் நெல் பற்றிய புத்தகத்தை இணையத்தில் வாங்கினேன்.

வந்ததும் கடைசிப் பக்கத்தைப் படித்துத் திகைத்தேன். உள்ளே இருப்பவை எல்லாமே இணையக் கலைக்களஞ்சியத்தில் யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய கட்டுரைகள் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. நெல்லுக்குச் சம்பந்தமே இல்லாமல் நடுவே ஒரு கால்பந்து வீரரின் வரலாறு வேறு!

வெட்கத்தை விட்டு வசந்தாவிடம் காட்டினேன். "என்னுதும் இதே கதைதான்க்கா. எச்.எம். பாராட்டுனப்ப சொல்ல வெக்கமாப் போச்சு. நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றாள்.

இப்போதெல்லாம் யாருடைய புத்தகத்தைப் பார்த்துப் பொறாமை வந்தாலும், "கொஞ்சம் குடுங்க, பாத்துட்டுத் தரேன்" என்று வாய்விட்டுக் கேட்டுவிடுகிறேன்.