பதினொரு மச்சான்கள்

ஊராருக்குக் கடைகண்ணிக்குப் போய்வருவது என் தொழில். வெயில் நாளில் என்னைக் கண்டுகொள்ளாதவர்கள்கூட மழை வந்தால் "செல்வி எங்கே?" என்று தேடுவார்கள். ரேஷன் வரிசை, கேஸ் புக்கிங், மருந்துச் சீட்டு என்று அலைந்தே செருப்புத் தேய்ந்தவரா நீங்கள்? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான். எங்கள் ஊர் லப்பைக்குடிக்காட்டில் பாதி வீட்டு ஆண்கள் வளைகுடாவில் இருக்கிறார்கள். அதனால் எனக்கும் என் மொபெட்டுக்கும் வேலைக்குப் பஞ்சமில்லை. சொன்ன சாமான் இல்லாமல் நான் திரும்பியதே இல்லை. பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

மீனவர்களுக்கு மட்டும்

போன புயல் கடலூர்ப் பக்கம் கரையேறியது. எங்களுக்குக் கடல் கிடையாது என்பது காற்றுக்குத் தெரியவில்லை. இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை. மூன்றாம் நாள் காலை ஒரு கனத்த பிளாஸ்டிக் உறையும் பிளாஸ்திரியும் வாங்க மளிகைக் கடையில் நின்றேன். "பெரம்பலூர்ல கரண்ட் வந்துடுச்சாம் பாய், போகலாம்னு பாக்குறேன். இந்த மழையில போலாமா?" என்று கேட்டேன். கடைக்காரர் கல்லாவில் இருந்து எழுந்திருக்காமலே சொன்னார்:

"மீனவங்களத்தான் கடலுக்குப் போக வேணாம்னு ரேடியோல சொல்லிருக்கான். செல்வி டவுனுக்குப் போக வேணாம்னு சொல்லலியே!"

அன்றைய சாமான்

செல்போன் டவர் டீசல் ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. போன்கள்தான் செத்துக் கிடந்தன. இன்வெர்ட்டர் வைத்திருந்த வீடுகளிலும் முதல் நாளோடு சரி. ஆகவே பத்து வீட்டுப் போன்களைச் சார்ஜ் போட வாங்கி, ஒவ்வொன்றின் முதுகிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பேர் எழுதினேன்.

பதினொன்றாவது ஷமீமாவுடையது. அவளுக்கு இது ஒன்பதாம் மாதம். புருஷன் ரியாஸ் துபாயில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. டிவியில் புயலைப் பார்த்துப் பயந்துபோய், "மூணாம் நாள் சாயந்தரத்துக்குள்ள உன் குரல் கேக்கலேன்னா கிளம்பி வந்துடுவேன்" என்று சொல்லியிருந்தான். அதோடு இவள் போன் அணைந்துவிட்டது. பாதியில் வந்தால் அந்த வேலை அவ்வளவுதான், திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஷமீமா போனை என் கையில் வைத்து அழுத்தினாள்.

"புள்ள பொறக்கறப்ப அவுக பக்கத்துல இருக்கணும்னு எனக்கும் ஆசைதான்க்கா. ஆனா இப்புடி வர வேணாம்."

எந்த வீட்டு மச்சான்?

பெரம்பலூரில் தெரிந்த செல்போன் கடையில் உறையைப் பிரித்தால், பிளாஸ்திரி எல்லாம் கழன்று அடியில் சுருண்டு கிடந்தது. ஈரக் கையால் ஒட்டிய என் புத்திசாலித்தனம்! போன்களில் பாதி ஒரே மாதிரிக் கறுப்பு. சரி, யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று காத்திருந்தேன். சார்ஜ் ஏற ஏற ஒவ்வொன்றாக அலற ஆரம்பித்தது. முதல் போனின் திரையில் 'மச்சான்' என்று வந்தது. அடுத்ததிலும் 'மச்சான்'. மூன்றாவதிலும் அதே. எங்கள் ஊர்ப் பெண்கள் புருஷனை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

"வஅலைக்கும் சலாம், நான் செல்வி பேசுறேன். வூட்ல எல்லாரும் சொகம். நீங்க எந்த வூட்டு மச்சான்?" என்று ஒவ்வொருவரையும் கேட்டுக் கேட்டுப் பேர் எழுதி ஒட்டினேன். பத்துப் பேர் சமாதானமானார்கள். ரியாஸ் மட்டும் நம்பவில்லை. "சும்மா ஆறுதல் சொல்றீங்க. நம்மூரு மணி ஆறுக்குள்ள அவ பேசலேன்னா ஏர்போர்ட்டுக்குப் போயிடுவேன்" என்று வைத்துவிட்டான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த செல்போன் கடைக்காரர் சிரிக்காமல் சொன்னார்:

"ஏக்கா, எங்க வூட்ல ஒரு மச்சானைச் சமாளிக்கவே முடியலேங்குறாங்க. நீங்க பதினொன்னா?"

ஆறுக்குப் பத்து நிமிடம்

திரும்பும்போது ஊருக்கு முன்னால் ஓடை ரோட்டின் மேல் ஓடியது. பஸ்கள் நின்றுவிட்டன. மணி ஐந்து. மொபெட்டை டீக்கடையில் விட்டுவிட்டு, மக்காச்சோள மூட்டை ஏற்றிவந்த டிராக்டரைக் கைகாட்டி நிறுத்தினேன். "அப்புடி என்னம்மா பையில, நகையா?" என்றார் டிரைவர். "பதினொரு குடும்பம்" என்றேன். கை கொடுத்து ஏற்றிக்கொண்டார். மூட்டை மேல் உட்கார்ந்து, உறையைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீரைக் கடந்தேன்.

ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போன் ஷமீமா கைக்குப் போனது. "மச்சான், நான் நல்லாருக்கேன். ஒழுங்கா வேலைக்குப் போங்க" என்று அதட்டினாள். கண்ணீர் மட்டும் அதட்டலுக்கு அடங்காமல் ஓடியது. எனக்கும்தான். பிறகு போனை என்னிடம் நீட்டினாள். ரியாஸ் சொன்னான்:

"பெட்டியப் பிரிச்சுத் துணிய எடுத்து வச்சுட்டேன்க்கா. புள்ள பொறந்த சேதியும் ஒங்க வாயாலதான் வரணும்."

இப்படி ஒரே நாளில் பதினொரு மச்சான்களுக்குப் பதில் சொல்லிவிட்டுப் பெருமையாக வீட்டுக்கு வந்த பிறகுதான், அரியலூர்ப் பக்கம் ரெட்டிபாளையம் சிமென்ட் ஆலையில் தங்கி வேலை பார்க்கும் என் சொந்த வீட்டுக்காரர் மூன்று நாளாகக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோயிருக்கக்கூடிய என் போன், சார்ஜே இல்லாமல் என் இடுப்பிலேயே கிடந்ததைக் கவனித்தேன்.