கறுப்பியின் தோல்முட்டை

எங்கள் கோழி கறுப்பி தோல்முட்டை போட ஆரம்பித்தபோது எனக்கு ஒன்பது வயது. தோல்முட்டை பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: ஓடே இருக்காது. மெல்லிய சவ்வுக்குள் மஞ்சளும் வெள்ளையும் தளதளவென்று ஆடும். கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் போச்சு. விருத்தாசலத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் மூன்று நாளாக அப்படித்தான். சாச்சி, அதாவது என் சித்தி, பொறுத்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"உங்கத்தா வரட்டும். இதை அறுத்து ஆணம் வச்சிரலாம்."

அம்மாவுக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது என்று அத்தா சவுதியிலிருந்து வருகிறார். இன்னும் பத்தே நாள். அத்தா வருகிற சந்தோஷத்தைக்கூட என்னால் முழுசாக அனுபவிக்க முடியவில்லை. கறுப்பியைக் குஞ்சிலிருந்து தூக்கி வளர்த்தவள் நான்.

அந்த வாரம்தான் பள்ளியில் டீச்சர் பாடம் நடத்தியிருந்தார்: எலும்பு, பல், முட்டை ஓடு எல்லாவற்றிலும் இருப்பது சுண்ணாம்புச்சத்து. எல்லாம் வெள்ளை. எங்கள் ஊரில் வெள்ளைக்கா பஞ்சம்? சாச்சியின் புருஷன் சாச்சா பீங்கான் பொம்மை செய்கிற இடத்தில் வேலை பார்த்தார். சூளையில் விரிசல் விட்ட பொம்மைகள் கொல்லையில் குவிந்து கிடந்தன. ஒரு பீங்கான் வாத்தைக் கல்லால் நொறுக்கிப் போட்டேன். கறுப்பி ஆசையாகப் பொறுக்கியது. மறுநாள் இரண்டு வாத்து. அதற்கும் தோல்முட்டைதான் வந்தது.

சாச்சா பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "அடி கூறுகெட்டவளே, வெள்ளையா இருந்தா எல்லாம் சுண்ணாம்பா? இது களிமண்ணு, கல்லு, மணலு. உங்கம்மா தெனம் முழுங்குறாங்களே பெரிய மாத்திரை, அதுல இருக்குது சுண்ணாம்பு." சொல்லிவிட்டு அவர்பாட்டுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மதியம் சாப்பிட்டதும் அந்த மாத்திரையை எடுத்துக் கொடுப்பது என் வேலை. சாக்பீஸ் துண்டு மாதிரி இருக்கும். அம்மாவுக்கு அதைக் கண்டாலே குமட்டும். "வச்சுட்டுப் போ, அப்பறம் போடுறேன்" என்று படுத்துவிடுவார். அன்றைக்கும் வைத்தேன். அம்மா கண்ணயர்ந்ததும் எடுத்தேன். பொடித்துத் தவிட்டில் பிசைந்து கறுப்பிக்கு வைத்தேன்.

எழுந்து அம்மா கேட்டார், "மாத்திரையக் காணுமே, போட்டேனா?"

"போட்டுட்டியேம்மா!"

என் வாய் கூசவே இல்லை.

நான்காம் நாள் முட்டையை எடுத்துத் தரையில் தட்டினேன். டக்கென்றது. அடடா, அந்தச் சத்தம்! சாச்சியின் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோயும் தட்டிக் காட்டினேன். அத்தா வந்த அன்றைக்குக் கடையில்தான் கறி வாங்கினார்கள். "முட்டை போடுற கோழி, அது கெடக்கட்டும்" என்று சொன்னது அம்மாதான்.

அப்புறமும் நான் விடவில்லை. நிறுத்தினால் மறுபடி தோல்முட்டை வந்துவிடுமோ என்று பயம். அந்த நாட்களில் அம்மாவுக்கு அடிக்கடி கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். பல்லைக் கடித்துக்கொண்டு என்னைக் கூப்பிடுவார். நான் ஓடிப்போய் உருவிவிடுவேன். "என் தங்கம்" என்பார். அந்தப் பட்டத்தையும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன். மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று நர்ஸம்மா கேட்டபோது, அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே "போடுறேங்க" என்றார். பிறகு தம்பி நல்லபடியாகப் பிறந்தான்.

இப்போது எனக்கு ஏழு மாதம். அதே பெரிய மாத்திரை, அதே குமட்டல். தண்ணீர்ச் சொம்போடு அம்மா எதிரே வந்து நின்றார். வைத்துவிட்டுப் போகச் சொன்னேன்.

"வைக்கிற வேலையெல்லாம் எங்கிட்ட ஆகாது. என் கண்ணு முன்னால முழுங்கு. இந்த வூட்டுல இப்பக் கோழி வேற இல்ல."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உனக்குத் தெரியுமாம்மா?"

"கோழி மூக்கு பூரா வெள்ளையா இருந்தா தெரியாதா? அதை அறுத்திருந்தா நீ சோறு தின்னிருப்பியா?" என் முகத்தைப் பார்த்துவிட்டு அம்மா சேர்த்துக்கொண்டார்: "எனக்கும் அந்த எழவை முழுங்காம தப்பிச்சா போதும்னு இருந்துச்சு, போ."

இரண்டாவது காரணத்தை நான் நம்பவில்லை. சுண்ணாம்புச்சத்து போதாவிட்டால் வயிற்றுப் பிள்ளை தாயின் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும் என்று போன வாரம்தான் டாக்டரம்மா சொல்லியிருந்தார். கறுப்பியும் தன் எலும்பைக் கரைத்து ஓடு கட்டிப் பார்த்து, முடியாமல்தான் தோல்முட்டை போட்டிருக்கும். ஒன்பது வயதில் எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? கெட்டி ஓட்டைப் பெருமையாகத் தட்டித் தட்டி உடைத்து, அம்மா அவித்துக் கொடுத்த முட்டையை நான்தான் தின்றேன். ஓட்டைக் குப்பையில் போட்டேன்.