இரவல் புடவையில் வாங்கிய மெடல்

கிராம சுகாதார நர்ஸ் வேலை என்றாலே என் மாமனாருக்கு ஆகாது. ஊர் ஊராய்த் திரிகிற உத்தியோகம் ஒரு மருமகளுக்கு எதற்கு என்பார். சுனாமிக்குப் பிறகு கிள்ளைப் பக்கத்து மீனவக் குப்பங்களில் பார்த்த வேலைக்காக, குடியரசு தினத்தன்று கலெக்டர் கையால் எனக்கு மெடல் என்று வந்ததும்தான் கொஞ்சம் இறங்கினார்.

"நானும் வந்து பாக்கறேன். அப்புறம் நீ வேலைக்குப் போறதப் பத்திப் பேசுவோம்."

என் வேலையே அந்த மெடலை நம்பித்தான் இருந்தது.

மெடல் வாங்க வேண்டிய அன்று விடியும்போதே குப்பத்திலிருந்து ஆள் வந்துவிட்டது. தலைப்பிரசவம்; நான் வந்தால்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவேன் என்று அந்தப் பெண் ஒரே அடம். யூனிபார்ம் புடவையோடு வேனில் ஏறினேன். குழந்தைக்குச் சிதம்பரம் வரை பொறுமை இல்லை, வழியிலேயே பிறந்துவிட்டது. தாயையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, ரத்தக்கறை தெரியாமல் மடியில் பையை வைத்துக்கொண்டு கடலூர் பஸ்ஸில் உட்கார்ந்தேன்.

மைதானத்தில் அதிகாரி முகம் சுளித்தார். "இப்படியே மேடைக்கு அனுப்ப முடியாதும்மா. ஆபீஸ்ல வந்து வாங்கிக்கோ."

பந்தலில் மாமா உட்கார்ந்திருந்தார். எனக்கு அழுகை முட்டியது. கோபம் அதைவிட ஜாஸ்தி.

கூட்டம் நிறையட்டும் என்று எல்லா நர்ஸ்களையும் யூனிபார்மில் வரச் சொல்லியிருந்தார்கள். அதில் பெண்ணாடத்து அக்கா ஒருத்தி, என்னைவிடச் சீனியர். வருஷா வருஷம் மெடலுக்கு அவள் பெயர் போகும், வருஷா வருஷம் விட்டுப்போகும். அவள்தான் என்னைப் பாத்ரூமுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அழுதுகினு நிக்காத. புடவய அவுரு, என்னுத கட்டிக்க."

"உங்களுக்குக்கா?"

"ஒன்னுத நான் சுத்திக்கறேன். என்ன எவன் பாக்கப் போறான்?"

கலெக்டர் போலீஸ்காரர்களுக்குச் சட்டையில் மெடலைக் குத்திவிட்டார். பெண்பிள்ளையாயிற்றே, என் கையில் கொடுத்துவிட்டார். நானே குத்திக்கொண்டேன். ஊருக்கெல்லாம் ஊசி போடுகிற கைக்கு ஒரு பின் குத்தத் தெரியாதா? அக்காதான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டினாள்.

இறங்கி வந்து மாமாவிடம் நடந்ததைச் சொன்னேன். மெடலை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நேராக அக்காவிடம் போய், கறையை மறைத்துக்கொள்ளச் சொல்லித் தன் தோள் துண்டைக் கொடுத்தார். அவளுக்கு அப்போதுதான் கண் கலங்கியது.

வேலையை விடு என்ற பேச்சு அதோடு நின்றது. ஆனால் ஒவ்வொரு ஜனவரியிலும், "அந்தப் பொண்ணுக்குக் குடுத்துட்டாங்களா?" என்று கேட்பார். அவர் போய்ச் சேரும்வரை, இல்லை மாமா என்றுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது.