கை குலுக்கும் முன்

எங்கள் கூட்டத்தில் பாட்டு இல்லை, பிரசங்கம் இல்லை, பாதிரியார் இல்லை. கொடைக்கானலில் ஒரு வாடகை வீட்டு ஹாலில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுச் சும்மா உட்கார்ந்திருப்போம். யாருக்காவது உள்ளிருந்து வார்த்தை வந்தால் எழுந்து சொல்லலாம். கடைசியில் பக்கத்தில் இருப்பவரோடு கை குலுக்கிவிட்டு டீ குடிக்கப் போவோம். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் வழி அது. வாயாடியான நான் அங்கே போய்ச் சேர்ந்ததை வீட்டில் இன்றும் கேலி செய்கிறார்கள்.

எதற்கும் ஓட்டு கிடையாது. ஒரே ஒருவர் தனக்கு மனசு ஒப்பவில்லை என்றாலும் விஷயம் அப்படியே நிற்கும். யாரும் மறுத்துப் பேசாவிட்டால், கூட்டத்தை நடத்தும் பெரியவர் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு முடிவைச் சொல்லிவிடுவார்.

மலைக் கிராமங்களில் நாங்கள் அகிம்சைப் பயிற்சி நடத்துகிறோம். அதில் என்னோடு சேர்ந்து பாடம் எடுக்க, பாச்சலூர்க்காரன் ஒருவனைச் சேர்ப்பதா என்பதுதான் அன்றைய பேச்சு. ஜெயிலில் எங்கள் ஆட்கள் நடத்திய பயிற்சியில் மனம் மாறியவன் என்றார்கள். அவன் ஜெயிலுக்குப் போனது என் தம்பியைக் கொன்றதற்காக. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் தகராறில், மண்வெட்டிக் காம்பால் ஒரே அடி.

அவனை என் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். வேண்டுமென்றேதான். நல்லவர்களுக்கு யோசனை இப்படித்தான் போகும்.

எல்லாரும் கண்ணை மூடினார்கள். எனக்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. எனக்குக் கோபம் வரவில்லை, இரக்கமும் வரவில்லை. தம்பி போனதிலிருந்தே மனசு ஊசி போட்ட ஈறு போல மரத்துத்தான் கிடந்தது. நனைந்த குடையை வாசலிலேயே விட்டுவிட்டேனா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சொல்லவேண்டிய வார்த்தை உள்ளே எங்கோ இருந்தது. அதை எடுத்து வாய்வரை கொண்டுவரத் தெம்பு இல்லை.

பெரியவர் கண்ணைத் திறந்தார்.

"எல்லாருக்கும் ஒரே மனசுன்னு தோணுது. சேத்துக்குவோம்."

எதிர் நாற்காலியில் இருந்த ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எவ்வளவு பெரிய மனசும்மா ஒனக்கு!" என்றார். நான் செய்ததெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது மட்டும்தான்.

வட்டத்தில் எல்லாரும் கை குலுக்கத் தொடங்கினார்கள். பழக்கதோஷத்தில் என் கையும் அவன் பக்கம் நீண்டது. அவன் அதைத் தொடவில்லை.

"அக்கா, நீங்க இன்னும் ஒண்ணுமே சொல்லலைங்க. ஒங்களுக்குச் சம்மதமாங்க?"

என் தம்பியோடு ஊரில் சுற்றிய நாட்களில் அவன் என்னைக் கூப்பிட்ட அதே 'அக்கா'.

"இல்லை" என்றேன். என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது.

பெரியவர் திகைத்துப்போய், "அப்ப இது நிக்கட்டும்" என்றார். அவன் தலையை ஆட்டிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு இறங்கிப் போனான். டீ வந்தது. குடித்தேன்.

தம்பி செத்த நாளிலிருந்து எனக்குச் சொல்ல ஆள் இல்லாமல் இல்லை. கேஸை விடாதே என்றார்கள், மன்னித்துவிடு என்றார்கள், மறந்துவிடு என்றார்கள். உனக்குச் சம்மதமா என்று கேட்டவன் அவன் ஒருவன்தான். அது அவனாக இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.