கல்யாண வேட்டிக்கு ஒரு டயர்

ஊரைச் சுற்றி ரப்பர்த் தோட்டம், சைக்கிளுக்கு ஒரு டயர் கிடையாது! ஜப்பான்காரன் வந்ததிலிருந்து தண்ணீர் விடும் ரப்பர்க் குழாயை வெட்டிச் சக்கரத்தில் கட்டித்தான் ஓட்டுகிறேன்.

இன்று எங்கள் பிரிக்பீல்ட்ஸ் பேட்டை சைக்கிள் கடைக்காரர், "ஜப்பான் காசு வேணாண்ணே, துணிக்குத்தான் பஞ்சம். நல்ல வேட்டி இருந்தா குடுங்க, இந்தப் பழைய டயர முன் சக்கரத்துல மாட்டித் தரேன்" என்றார்.

வீட்டுக்குப் போய்க் கல்யாண வேட்டியைக் கொண்டுவந்து கொடுத்தேன்.

சாயங்காலம் மகளை முன்னால் உட்காரவைத்து ஓட்டினேன். முன்பக்கம் துளிகூடக் குலுக்கல் இல்லை. வழக்கம்போல் "ஆஆஆ" என்று பாடியவள் சட்டென்று நிறுத்தினாள்.

"அப்பா, என் குரல் நடுங்கவே மாட்டேங்குது. பழைய குழாயையே மாட்டுங்கப்பா."

அழுதுவிடுவாள் போலிருந்தது. வீடுவரை சக்கரத்தைக் குழியாகப் பார்த்து இறக்கினேன். பாட்டு திரும்ப வந்துவிட்டது.

பிரிக்பீல்ட்ஸில் நல்ல குழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.